அசுரன் என்ற சொல்லின் தொடக்கத்தில் இருப்பது எதிர்மறை 'அ' தானா?

கேட்டிருப்பது இதுதான். சுரா என்றால் மது. அதை ஏற்றவர்கள் சுரர், வேண்டாம் என்றவர்கள் அசுரர். ஆகவே அசுரர் என்பது மது தொடாத திராவிட மக்களுக்கு ஆரியர் வைத்த பெயர் என்று ஒருவர் எழுதியதைப் படித்தேன், உண்மையா? அதோடு இரண்டு துணைக் கேள்விகள்: பழைய பாரசீகரின் கடவுளான அஹுர மஸ்தாவுக்கும் அசுரனுக்கும் உறவு உண்டா? முருகன் கதையில் வரும் சூரனும் இதே சொல்தானா? மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றே. 'அசுர' என்பதை அ, சுர என்று இரண்டாகப் பிரிக்கலாமா? பிரிக்க முடியாது என்பது என் பதில். அது தெளிவானால் மற்றதில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். சமஸ்கிருத இலக்கணமும் ஒப்பியல் மொழியியலும் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேத மொழியையும், பழைய இரானியரின் சமய நூலான அவெஸ்தாவையும் மூலத்தில் படிப்பேன். ஹிட்டைட்டு, ஃபின்னோ-உக்ரிய மொழிகளைப் பற்றிக் கீழே சொல்வது அந்தத் துறையினரின் வேலையை நம்பிச் சொல்வது.

முதலில் மதுக் கதைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அது யாரோ அண்மையில் கட்டிவிட்ட கதை அல்ல. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் பாற்கடல் கடையும் இடத்தில் வருகிறது. கடலிலிருந்து வருணனின் மகள் வாருணி, அதாவது மதுவின் தேவதை, எழுந்து வருகிறாள். திதியின் மக்கள் அவளை ஏற்கவில்லை. அதிதியின் மக்கள் ஏற்றார்கள். அதனால் முன்னவர் அசுரர், பின்னவர் சுரர் என்று சுலோகமே பெயர்க்காரணம் சொல்கிறது. ஆனால் இதே பிரிப்பை வைத்துக்கொண்டு பாலி மொழி உரைகள் வேறொரு கதை சொல்கின்றன. அங்கே குடித்து மயங்கிக் கிடப்பவர்களே அசுரர்கள். அந்த நிலையில் அவர்களைச் சக்கன், அதாவது இந்திரன், தன் உலகத்திலிருந்து தூக்கி மேருமலை அடிவாரத்தில் எறிந்துவிடுகிறான். தெளிந்த பிறகு 'இனி சுரா குடிப்பதில்லை' என்று அவர்கள் சொன்னதால் அசுரர் என்று பெயர் வந்ததாம். ஒரு கதையில் குடிக்கவே மறுத்தவர்கள், இன்னொன்றில் குடித்துக் கெட்டவர்கள். ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு கதைகள் இருந்தால், சொல்லைப் பிரித்த பிறகுதான் கதைகள் பிறந்தன என்று சந்தேகப்படுவது என் வழக்கம். இங்கே சந்தேகத்தோடு நிற்க வேண்டியதில்லை, சான்று இருக்கிறது.

சான்று ரிக் வேதத்திலேயே கிடைக்கிறது. அசுர என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் அங்கே ஏறத்தாழ நூறு இடங்களில் வருகின்றன. பெரும்பாலான இடங்களில் அது வசைச்சொல் அல்ல, புகழ்ச்சொல். முதல் மண்டலத்தின் (ரிக் வேதத்தின் பெரும்பிரிவு மண்டலம், அதற்குள் வரும் துதித் தொகுப்பு சூக்தம்) 24ஆம் சூக்தத்தில், கட்டுண்டு கிடக்கும் ஒருவன் வருணனை 'அறிவுடைய அசுரனே, அரசனே, நாங்கள் செய்த பாவங்களைத் தளர்த்திவிடு' என்று வேண்டுகிறான். 35ஆம் சூக்தத்தில் பொற்கை படைத்த சவிதா அசுரன் எனப்படுகிறான். 174ஆம் சூக்தத்தில் இந்திரனையே 'அசுரனே, எங்களைக் காப்பாற்று' என்று அழைக்கிறார்கள். ஐந்தாம் மண்டலத்தின் 42ஆம் சூக்தம் ருத்திரனை ஒரே மூச்சில் 'தேவனான அசுரன்' என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாம் மண்டலத்தின் 55ஆம் சூக்தம். அதன் 22 பாடல்களும் ஒரே வரியில் முடிகின்றன: 'மஹத் தேவானாம் அசுரத்வம் ஏகம்'. தேவர்களின் அசுரத்தன்மை பெரிது, அது ஒன்றே. தேவர்களுக்கு அசுரத்தன்மை பெருமையாக இருந்த காலம் அது. அசுரன் என்றால் தேவன் அல்லாதவன் என்று வைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்துப் பாருங்கள், பொருளே வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுர என்ற சொல் 'தேவன்' என்ற பொருளில் ரிக் வேதத்தில் இல்லவே இல்லை. பிற்கால நூல்களில்தான் தலை காட்டுகிறது. எதிர்மறைச் சொல் முதலில் பிறந்து பல நூறு ஆண்டுகள் கழித்து அதன் மூலச்சொல் பிறந்தது என்றால் நம்ப முடியுமா? சுரா என்ற பானம் மட்டும் ரிக் வேதத்தில் இருக்கிறது. ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏழாம் மண்டலத்தின் 86ஆம் சூக்தத்தில் வசிட்டர், மனிதனைத் தவறு செய்யவைப்பவை எவை என்று அடுக்குகிறார்: சுரா, சினம், சூதாட்டக் காய், அறியாமை. தெய்வங்களுக்கு உரிய பானம் சோமம். சுராவுக்கு அந்த மதிப்பு இல்லை. சௌத்ராமணி போன்ற ஓரிரு சடங்குகளில் சுராவுக்கு இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தன் தெய்வங்களுக்கு 'சுரா குடிப்பவர்' என்று ஒரு சமூகம் பெருமையாகப் பெயர் வைத்திருக்கும் என்று சொல்ல அது போதாது.

அசுரன் என்ற சொல் மனிதனுக்கும் பயன்பட்டது. முதல் மண்டலத்தின் 126ஆம் சூக்தத்தில் கக்ஷீவான் என்ற புலவர், தனக்கு ஓர் அரசன் நூறு பொன் அணிகளும் நூறு குதிரைகளும் நூறு பசுக்களும் கொடுத்ததைப் பாடுகிறார். கொடுத்தவனை அதே பாட்டில் அரசன் என்றும் அசுரன் என்றும் சொல்கிறார். பரிசில் பெற்ற புலவர் வள்ளலை அரக்கன் என்று பாடுவாரா? ஆக, பழைய பொருள் 'தலைவன், ஆண்டவன்' என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் 'ஆண்டவன்' என்ற சொல்லும் ஆள்பவனையும் கடவுளையும் ஒன்றாகவே குறிக்கிறது அல்லவா.

இனி இரானுக்குப் போவோம். வேத மொழியும் அவெஸ்தாவின் மொழியும் ஒரு தாய் மக்கள். இரண்டுக்கும் இடையே ஓர் ஒழுங்கான ஒலி வேறுபாடு உண்டு: உயிர் ஒலிகளுக்கு முன்னால் வரும் பழைய 'ஸ', இரானியப் பக்கத்தில் 'ஹ' ஆகிவிடும். சோம அங்கே ஹஓம, சப்த அங்கே ஹப்த, சிந்து அங்கே ஹிந்து. அதே விதிப்படி அசுர அங்கே அஹுர. இது ஒலி ஒத்திருக்கிறது என்ற அளவிலான ஊகம் அல்ல. விதி முழுமையாகப் பொருந்தும், பொருளும் பொருந்தும். அஹுர என்றால் தலைவன். அவெஸ்தாவிலும் மனிதத் தலைவர்களுக்கு இச்சொல் வருகிறது. மஸ்தா என்பது சமஸ்கிருத 'மேதா'வின் உடன்பிறப்பு. அஹுர மஸ்தா என்றால் 'அறிவே உருவான தலைவன்'. வருணனை 'அறிவுடைய அசுரனே' என்று வேதப் புலவர் அழைத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு சொற்றொடரும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரே மரபின் வாடை வீசுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மதுக் கதை முழுதாகச் சறுக்குவது இங்கேதான். அவெஸ்தாவிலும் ஹுரா என்று ஒரு பானம் உண்டு. அது நம் சுராவேதான். அஹுர என்ற சொல்லும் உண்டு. ஆனால் 'ஹுர' என்ற பெயரில் அங்கே எந்தத் தெய்வமும் இல்லை. சொல் இரு கிளைகளுக்கும் பொதுவானது என்றால், கிளைகள் பிரியும் முன்பே அது இருந்திருக்க வேண்டும். பிரியும் முன்பே அதன் பொருள் தலைவன் என்றால், வாருணியை மறுத்த கதைக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் காலத்துச் சொல்லுக்கும் தென்னிந்திய மக்களுக்கும் முடிச்சுப் போடவும் முடியாது.

அப்படியானால் 'சுர' எங்கிருந்து வந்தது? தவறான பிரிப்பிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் 'அ' என்ற எதிர்மறை முன்னொட்டு மிகப் பரவலானது: தர்மம், அதர்மம், நீதி, அநீதி. அசுரன் என்ற சொல்லின் பொருள் கெட்டுப்போன பிறகு, கேட்டவர்களின் காதில் அதன் முதல் எழுத்தும் எதிர்மறையாகவே ஒலித்தது. 'அ'வை எடுத்துவிட்டால் நல்லவன் கிடைப்பான் என்று எடுத்தார்கள், சுரன் கிடைத்தான். இப்படி நடப்பது அரிது என்று எண்ண வேண்டாம். அசித என்றால் கருப்பு. அது பழைய சொல், அதில் எதிர்மறை இல்லை. அதையும் அ, சித என்று பிரித்து, சித என்றால் வெள்ளை என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கினார்கள். (ராமனின் மனைவி சீதைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது நெடில், உழவுச்சால் என்று பொருள்.) இன்னும் அழகான எடுத்துக்காட்டு விதவா. லத்தீனில் விதுவா, ரஷ்ய மொழியில் வ்தவா, ஆங்கிலத்தில் விடோ எனப் பல உறவு மொழிகளில் இருக்கும் முழுச்சொல் அது. சமஸ்கிருதத்தில் மட்டும் அதை வி, தவ என்று பிரித்து, 'தவ இல்லாதவள்' என்று பொருள் கொண்டு, தவ என்றால் கணவன் என்று ஒரு சொல்லைப் படைத்துவிட்டார்கள். நிகண்டுகளில் அந்தக் கணவன் இன்றும் இருக்கிறான். சுரனும் அவனைப் போலத்தான்: பிறப்பு பிழையில், வாழ்க்கை உண்மையில். 'சுரர்' என்று காவியங்களில் ஆயிரம் முறை வந்துவிட்ட பிறகு அது சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது உறுதியான பகுதி. இதற்கும் பின்னால், இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழிவரை போகும்போது தரை மெல்ல மெல்ல மென்மையாகிறது. பழைய இந்திய அறிஞர்கள் அசுர என்பதை 'அசு' என்ற சொல்லோடு சேர்த்தார்கள். அசு என்றால் உயிர், மூச்சு. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தம் பல பிரிப்புகளைச் சொல்லும்போது அதில் ஒன்றாக இதையும் சொல்கிறது. பிராமணம் எனப்படும் வேதச் சடங்கு விளக்க நூல்களில் ஒன்றான தைத்திரீய பிராமணம், படைப்புக் கடவுளான பிரஜாபதியின் அசு உயிர்பெற்றது, அந்த அசுவால் அசுரரைப் படைத்தான், அதுவே அசுரரின் அசுரத்தன்மை என்கிறது. அசுவோடு 'ர' விகுதி சேர்ந்து 'உயிராற்றல் உடையவன்' என்பது இலக்கணப்படி தவறில்லை. ஆனால் இன்று பலரும் ஏற்பது வேறொரு உறவு. இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டு வழங்கிய ஹிட்டைட்டு மொழியில் ஹாஸ் என்றால் பெற்றெடுத்தல், ஹஸ்ஸு என்றால் அரசன். அவெஸ்தாவிலும் தலைவன் என்ற பொருளில் அஹு என்ற சொல் தனியாக இருக்கிறது. இவை எல்லாம் ஒரு வேரிலிருந்து வந்தவை என்றால், அரசன் என்பவன் குலத்தில் பிறந்தவன் அல்லது குலத்தைப் பெருக்குபவன். எனக்கு இது பிடித்த விளக்கம். நிறுவப்பட்டது என்று சொல்லமாட்டேன். வட ஐரோப்பியத் தெய்வங்களான ஆஸ் கூட்டத்தாரின் பெயரும் (ஆஸ்வால்ட் போன்ற பெயர்களின் முன்பகுதியில் அது ஒளிந்திருக்கிறது) இதே வேர் என்பார்கள். இருக்கலாம். அதில் இன்னும் இழுபறி உண்டு.

எதிர்பாராத ஒரு சாட்சி ரஷ்யாவின் வோல்கா பக்கமிருந்து வருகிறது. அங்கே பேசப்படும் மொர்த்வின் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே அல்ல. ஃபின்னிஷ், ஹங்கேரியன் மொழிகளின் உறவு. அதில் அஸோர் என்றால் தலைவன், உடைமையாளன். யூரல் மலைக்கு அப்பால் மான்சி மொழியில் இதன் உறவுச்சொல்லுக்கு இளவரசன், வீரன் என்று பொருள். பழங்காலத்தில் புல்வெளிகளில் அண்டை வீட்டாராக இருந்தவர்களிடமிருந்து இச்சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் வாங்கிய வடிவத்தில் ஹகரம் இல்லை, ஸகரமே இருக்கிறது. எனவே இரானிய மாற்றம் நடக்கும் முன்பே வாங்கியது. பொருளோ தலைவன். வேதமோ அவெஸ்தாவோ படிக்காத ஒரு மூன்றாம் தரப்பு இப்படிச் சாட்சி சொல்வது இத்துறையில் அடிக்கடி கிடைக்காத பாக்கியம்.

தலைவன் எப்படி அரக்கன் ஆனான்? நீங்கள் நேராகக் கேட்கவில்லை என்றாலும் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாற்றம் ரிக் வேதத்துக்குள்ளேயே தொடங்குகிறது. சில சூக்தங்களில் இந்திரனும் அக்கினியும் 'அசுரரைக் கொல்பவர்' எனப்படுகிறார்கள். பத்தாம் மண்டலத்தின் 124ஆம் சூக்தத்தில் அக்கினி பழைய தந்தையான அசுரனை விட்டு விலகி இந்திரன் பக்கம் போகிறான். அங்கே அசுரர்கள் மாயை இழந்துவிட்டார்கள் என்றும் வருகிறது. அந்த மாயை என்ற சொல்லும் கூடவே சரிந்தது. மித்திரனும் வருணனும் 'அசுரனின் மாயையால்' மழை பெய்விக்கிறார்கள் என்று ஐந்தாம் மண்டலம் பாடும்போது மாயை வியத்தகு ஆற்றல். பிறகுதான் ஏமாற்று ஆயிற்று. பிராமண நூல்களுக்கு வரும்போது 'தேவரும் அசுரரும் போரிட்டனர்' என்பது கதை தொடங்கும் வாய்பாடாகவே மாறிவிடுகிறது. அப்போதும் இருவரும் ஒரு தந்தையின் பிள்ளைகள். பிருகதாரண்யக உபநிடதம் பிரஜாபதியின் மக்கள் இரு வகை, தேவர் இளையவர், அசுரர் மூத்தவர் என்கிறது. மூத்தவர் என்ற அந்த ஒரு சொல்லில் பழைய மதிப்பின் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்த மாற்றத்துக்குக் காரணமாக 19ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் ஹாக் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். ஒரே சமூகம் சமயச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. இவர்கள் தேவரை வைத்துக்கொண்டு அசுரரை அரக்கராக்கினார்கள், அவர்கள் அஹுரரை வைத்துக்கொண்டு தேவரை அரக்கராக்கினார்கள் என்றார். இணையத்தில் இன்றும் சுற்றுவது இதுதான். இரானில் தேவர் வீழ்ந்தது மெய். அவெஸ்தாவில் தஏவ என்றால் பொய்த்தெய்வம், பேய். இந்திரனின் பெயரே அங்கே ஒரு பேய்க்கு இருக்கிறது. பாரசீக மன்னன் செர்க்ஸஸ் தன் கல்வெட்டில் தைவர்களின், அதாவது அந்தத் தஏவர்களின், வழிபாட்டிடத்தை அழித்ததாகச் சொல்கிறான். பாரசீகத்தில் இன்றும் தீவ் என்றால் பூதம். ஆனால் இந்தியப் பக்கத்தில் அசுரன் வீழ்ந்தது ஒரே அடியில் அல்ல, படிப்படியாக, வெளியாரோடு சண்டை ஏதும் தெரியாமல் நடந்திருக்கிறது. பழைய பகுதிகளில் பகையே இல்லை. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சிரியா பக்கத்து மித்தானி அரசு ஹிட்டைட்டுகளோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் எல்லாரும் சாட்சிகளாக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே இரு சரிவுகளும் தனித்தனியே நடந்தவை என்ற பக்கமே நான் சாய்கிறேன். 1986இல் வெளிவந்த ஆய்வில் ஹேல் என்பவர் சொன்ன வழி எனக்குச் சரியாகப் படுகிறது: அசுரன் என்றால் தலைவன், எதிரிக் கூட்டத்துத் தலைவர்களையும் அப்படியே சொன்னார்கள், 'அசுரர்கள்' என்று பன்மையில் வரும்போது அது பெரும்பாலும் எதிரிப் படைகளின் தலைவர்களாகவே இருந்ததால் சொல்லின் நிறம் மாறியது. இது ஊகம்தான், ஆனால் பாடல்களோடு ஒத்துப்போகும் ஊகம்.

இடையே ஒன்று. ஆங்கில 'டெவில்' நம் 'தேவ' என்பதிலிருந்து வந்தது என்றும் எழுதுகிறார்கள். இல்லை. அது கிரேக்க தியாபொலோஸ், அதாவது அவதூறு சொல்பவன், லத்தீன் வழியாகப் போனது. தேவ என்பதன் உண்மையான உறவுகள் லத்தீன் தெயுஸ், லித்துவேனிய தியெவாஸ். கிரேக்க தியோஸ்கூட உறவு இல்லை, பார்க்க எவ்வளவு ஒத்திருந்தாலும்.

இனி, அசுரர் என்பது ஒரு மக்கள் இனமா என்ற பகுதி. பிராமண நூல்களில் அசுரர் சில இடங்களில் மனிதர் போலத்தான் தெரிகிறார்கள் என்பதை மறைக்க வேண்டாம். சதபத பிராமணம், கிழக்கு நாட்டினரான 'ஆசுரர்' வட்டமான ஈமக்குழி மேடுகள் அமைக்கிறார்கள், நம்மவர் நாற்சதுரமாக அமைக்கிறார்கள் என்று வேறுபடுத்துகிறது. அதே நூலில் இன்னொரு புகழ்பெற்ற இடம்: அசுரர்கள் 'ஹே அலவ' என்று கூவித் தோற்றுப்போனார்கள். 'ஹே அரய', அதாவது 'ஓ பகைவரே' என்பதை அவர்கள் வாய் அப்படித் திரித்தது என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். இலக்கண ஆசிரியரான பதஞ்சலியும் தம் மகாபாஷ்யத்தில் இதை எடுத்துக்காட்டி, ஆகவே இலக்கணம் படியுங்கள் என்கிறார். ரகரத்தை லகரமாகச் சொல்வது கிழக்கு இந்தியப் பிராகிருதத்தின் அடையாளம். அசோகரின் கிழக்குப் பகுதிக் கல்வெட்டுகளில் ராஜா 'லாஜா' என்றே இருக்கிறார். அதாவது இந்த அசுரர் பேசியதாகக் காட்டப்படுவது தமிழோ வேறு திராவிட மொழியோ அல்ல, அதே ஆரிய மொழியின் கிழக்கு வழக்கு. அசுரர் என்றால் திராவிடர் என்பதற்கு மொழிச் சான்று இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். 20ஆம் நூற்றாண்டில் புராணங்களைத் தலைகீழாக்கிப் படித்து அசுரரைத் தம் முன்னோராக ஏற்றவர்களின் செயலுக்குத் தனி வரலாறும் நியாயமும் உண்டு. அதை வேதச் சொல்லின் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளும்போதுதான் நான் மறுக்கிறேன். அசிரியாவின் அஷ்ஷுர் என்ற தெய்வப் பெயரிலிருந்து அசுரன் வந்தான் என்பதும் நிற்காது. அஹுரவும் மொர்த்வின் அஸோரும் அதற்கு இடம் தரவில்லை. ஜார்க்கண்டில் இரும்பு உருக்குவதில் பெயர்பெற்ற அசுர் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். அவர்களின் மொழி முண்டா குடும்பத்தது. பெயர் ஒற்றுமை கண்ணை இழுக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கும் வேதச் சொல்லுக்கும் இடையே பாலம் போட இடைக்காலச் சான்று வேண்டும், அது கையில் இல்லை.

கிழக்கே போன பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பௌத்தத்தோடு இச்சொல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போயிற்று. நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் மூன்று முகமும் ஆறு கைகளும் கொண்ட 8ஆம் நூற்றாண்டு அஷுரா சிலை இருக்கிறது. முகத்தில் கொடுமை இல்லை, ஏதோ கலக்கம்தான். ஜப்பானியப் பேச்சில் ஷுராபா, அதாவது அசுரர் களம், என்றால் இன்று காதலர் மாட்டிக்கொண்ட சண்டைக் காட்சியையும் குறிக்கும். அங்கேயும் முதலெழுத்து உதிர்ந்திருப்பதைப் பாருங்கள். அங்கே அது வெறும் சுருக்கம், எதிர்மறை விளையாட்டு இல்லை.

கடைசியாகத் தமிழ். வடசொல்லை எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதுவது தொல்காப்பியம் சொல்லும் முறை. அதன் விளைவாக வடமொழியில் வெவ்வேறாக ஒலிக்கும் பல சொற்கள் தமிழில் ஒரே சகரத்தில் வந்து கூடின. தேவரான சுரர், வீரன் என்ற பொருளுள்ள சூரர், கதிரவனான சூரியன், இவற்றின் சகரங்கள் வடமொழியில் ஒன்றல்ல. குறில் நெடிலும் வேறு. வீரனைக் குறிக்கும் சூர என்பது அவெஸ்தாவிலும் உள்ள தனிச்சொல், அசுரனுக்கு உறவு இல்லை. இவற்றோடு தமிழுக்கே உரிய சூர் சேர்ந்துகொண்டது. சூர் என்றால் அச்சம், வருத்தம், அச்சம் தரும் தெய்வம். திருமுருகாற்றுப்படை 'சூர்அர மகளிர் ஆடும் சோலை' என்கிறது. அங்கே அது மலைச்சோலையில் உறையும் தெய்வப் பெண்கள். சில அடிகள் கழித்து 'சூர்முதல் தடிந்த சுடர்இலை நெடுவேல்' என்கிறது. அங்கே அது முருகன் வெட்டிய பகை. அணங்கு என்ற சொல்லைப் போல, நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாத, நெஞ்சை நடுக்கும் ஓர் ஆற்றலே சூர். மகாபாரதத்தில் கந்தன் கொல்வது மகிஷனையும் தாரகனையும், காளிதாசரிடத்தில் தாரகனை. சூரனை முதன்மைப் பகைவனாக நிறுத்துவது தென்னக மரபு. எனவே சூரன் என்ற பெயர் அசுரனிலிருந்து முதலெழுத்து உதிர்ந்து வந்தது அல்ல, தமிழ்ச் சூரிலிருந்து வளர்ந்தது என்றே கொள்கிறேன். வடமொழியின் வீரனான சூரனும் பிறகு அதில் கலந்து, சூரபன்மன் என்ற முழுப்பெயர் ஆகியிருக்கிறது.

சங்க நூல்கள் அசுரருக்குச் சொல்லும் பெயர் அவுணர். 'அணங்குடை அவுணர்' ஞாயிற்றை ஒளித்துவைத்ததைப் புறநானூற்றின் 174ஆம் பாட்டு சொல்கிறது. ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் சுவர்பானு என்ற ஆசுரன் கதிரவனை இருளால் தாக்கும் கதையின் உறவுக் கதை அது. கதை உறவு தெளிவு, சொல் உறவு தெளிவில்லை. அசுர என்பதில் சகரம் உதிர்ந்து, இடையில் வகர உடம்படுமெய் தோன்றி அவுர ஆவதை விளக்கலாம். வடசொற்களில் சகரம் உதிர்வது தமிழில் நடப்பதுதான், சஹஸ்ரத்தின் உறவான ஆயிரம் அதற்குச் சான்று. ஆனால் ரகரம் ணகரம் ஆனதற்கு ஒழுங்கான விதி இல்லை. தாரியஸ் மன்னனின் பெஹிஸ்துன் கல்வெட்டில் அஹுர மஸ்தா 'அவுரமஸ்தா' என்று இருப்பதைக் காட்டி, அவுணர் பாரசீகத்திலிருந்து வந்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அங்கே ஹகரம் விடுபட்டது பழம்பாரசீக எழுத்து முறையின் வழக்கம். ணகரத்தை அதுவும் விளக்காது.